கோபால்ட்டைப் பிடிக்க வடிதாளா, ரெசின் மணியா?

ஒரு துளி நீரில் கோபால்ட் இருக்கிறதா என்று பார்க்க அம்மோனியம் தயோசயனேட் போடுவது பழைய வழக்கம். நீலம் வந்தால் இருக்கிறது. ஆனால் வெறும் நீரில் அந்த நீலம் லேசில் வராது; அசிட்டோன் ஊற்ற வேண்டும். அளவு மிகக் குறைவாக இருந்தால் அசிட்டோன் ஊற்றியும் கண்ணுக்குத் தட்டுப்படாது. வியன்னாவிலும் பிறகு பிரேசிலிலும் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஃபைகல் வளர்த்தெடுத்த துளிச் சோதனைகளுக்கு வடிதாளும் குழிகள் உள்ள பீங்கான் தட்டும் போதுமாக இருந்தன. வடிதாளில் ஒரு சிக்கல்: துளி பரவப் பரவ நிறமும் வெளிறும்.

1950களில் ஜப்பானில் மசதோஷி புஜிமோட்டோ தாளுக்குப் பதில் அயனிப் பரிமாற்ற ரெசின் மணிகளைக் கையில் எடுத்தார்; நீரில் உள்ள அயனிகளை (மின்னூட்டம் கொண்ட துகள்களை) பிடித்துக்கொண்டு தன்னிடமுள்ளவற்றை விடும் குட்டிப் பிளாஸ்டிக் மணிகள் அவை. எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் ரெசினில் நாலைந்து மணிகளைத் துளிக்குள் போட்டுத் தயோசயனேட் சேர்த்தால், கோபால்ட்டும் தயோசயனேட்டும் சேர்ந்த அணைவு அயனி மணிக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும். அசிட்டோன் இல்லாமலே மணி நீலமாகும். கணக்கைப் பாருங்கள்: அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள மணியின் கொள்ளளவு சுமார் 0.065 மைக்ரோலிட்டர், துளியோ 50 மைக்ரோலிட்டர். துளியில் உள்ளது முழுக்க ஒரே மணியில் சேர்ந்தால் செறிவு எழுநூறு மடங்குக்கு மேல் ஏறும். நடைமுறையில் அத்தனையும் சேராதுதான். நாலைந்து மணி போட்டாலே பங்கு பிரிந்துவிடும், அதனால் அதற்கு மேல் மணிகளை அள்ளிப் போடாதீர்கள்.

இரும்பு இருந்தால் தாள், மணி இரண்டிலும் தொல்லைதான். தயோசயனேட்டோடு அது தரும் ரத்தச் சிவப்பு மணியிலும் ஏறும். ஃபுளோரைடு சேர்த்து அடக்க வேண்டும்.

வேகத்தில் தாள்தான் முந்தும். தாளில் நொடிகளில் விடை கிடைத்துவிடும். மணிக்குள் அயனி ஊடுருவ நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குறுக்குப் பிணைப்பு (ரெசினின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் இணைப்பு) குறைந்த ரெசின் என்றால் கொஞ்சம் சீக்கிரம் ஆகும். பழுப்பேறிய ரெசின் வேண்டவே வேண்டாம். வெளிர்மஞ்சள் மணியிலேயே இளநீலம் பச்சையாகத் தெரியும். அதனால் கோபால்ட் இல்லாத துளியில் ஊறிய மணியையும் பக்கத்தில் வைத்து, வெள்ளைப் பின்னணியில் லென்ஸ் வழியாகப் பார்ப்பது நல்லது.

நிக்கலுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்பேன். தோலில் அரிப்பு தரும் தோட்டில் நிக்கல் கசிகிறதா என்று அறிய, டைமெத்தில்கிளையாக்சைமும் அம்மோனியாவும் தொட்ட பஞ்சால் தேய்த்தாலே இளஞ்சிவப்பு வந்துவிடும். நேர்மின் அயனிகளைப் பிடிக்கும் ரெசினில் அதே சோதனையைச் செய்யலாம். ஆனால் உப்பு நிறைந்த நீர் என்றால் சோடியம் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். நல்ல நீரில் மிக நுண்ணிய அளவைத் தேடும்போது மட்டும் அதற்கு மணியை எடுக்கலாம். கோபால்ட்டுக்கு, காத்திருக்க நேரம் இருந்தால், என் ஓட்டு மணிக்குத்தான்.