சிலிண்டரின் தேதியைப் பார்த்தீர்களா? மகளுக்கு ஏர் பிஸ்டல் வாங்கிய கணக்கு

மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒன்றரை வருஷமாக கிளப் பிஸ்டலில் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிஸ்டலை நாலு பிள்ளைகள் மாறி மாறி எடுப்பார்கள். ஒவ்வொரு கைக்கும் குறி பார்க்கிற பின்பக்க சைட்டைத் திருகி மாற்றியே பாதி நேரம் போய்விடும். ஒருநாள் கோச் என்னைக் கூப்பிட்டு, "சார், இனிமே சொந்தமா ஒண்ணு இல்லாம இவளுக்கு ஸ்கோர் ஏறாது" என்றார். சீட்டு எடுத்த பணம் 1,20,000 ரூபாய் கையில் இருந்தது. அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடிந்தது 1,39,400-இல். அந்த 19,400 எங்கே உதைத்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் பேச்சை எடுத்ததும் என் அம்மா, "பொம்பளப் பிள்ளை கையில பிஸ்டலா?" என்று ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் கைத்துப்பாக்கி என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது மணியாச்சிதான். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்கால். "ஆச்சி, இது வெறும் காத்துதான்" என்று மகள் சொல்லியும் அம்மா நம்பவில்லை. பாரிசில் மனு பாக்கர் மெடல் வாங்கியது இதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான் என்று பழைய பேப்பரை எடுத்துக் காட்டிய பிறகே சமாதானம் ஆனார்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 4.5 மில்லிமீட்டர் துளை, 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் உரிமம் வேண்டாம். போட்டிக்கான ஏர் பிஸ்டல் 7 ஜூல் அளவில்தான் இருக்கும். அதற்காக அடையாளச் சான்று கேட்காமல், பில் தராமல் விற்கிற ஆளிடம் வாங்காதீர்கள். பழையது என்றால் முதலில் வாங்கியவரின் பில்லும் கூடவே கைமாற வேண்டும்.

என் முன்னால் நாலு வழி இருந்தது: ஸ்பிரிங் பிஸ்டல், ஒரே இழுப்பில் காற்றடைக்கும் சிங்கிள் ஸ்ட்ரோக், முன்கூட்டியே சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றில் சுடும் பி.சி.பி. புதியது, அதே பி.சி.பி. பழையது. குறி தப்பாமை பற்றி அதிகம் பேசப் போவதில்லை. போட்டிக்கென்று செய்த எந்தப் பிஸ்டலையும் வைஸில் இறுக்கிச் சுட்டால், பத்தாம் வளையத்தின் 11.5 மில்லிமீட்டருக்குள் சுகமாக விழும். தப்புவது நம் கை.

ஸ்பிரிங் வகையை ஒரே வாரத்தில் தள்ளிவிட்டேன். 15,000 ரூபாய்க்குள் கிடைக்கும், பராமரிப்பும் குறைவு. ஆனால் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, பேரலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் உதைத்துவிடுகின்றன. அந்த உதையைச் சமாளிக்கவே பிள்ளை ஒரு பிடி பழகிவிடுவாள். நல்ல பிஸ்டல் கைக்கு வந்ததும் அந்தப் பிடியை மறக்க இன்னொரு வருஷம் வேண்டும். அந்த உதையை உள்ளேயே அடக்குகிற ஃபைன்வெர்க்பாவ் 65 போன்ற பழைய ஜெர்மன் பிஸ்டல்கள் வேறு ஜாதி. அவை இங்கே நல்ல நிலையில் கண்ணில் படுவது அபூர்வம்.

சிங்கிள் ஸ்ட்ரோக்தான் என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தது. ரஷ்யாவின் இஷ்-46 எம், ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 103 இரண்டும் இந்த வகை. லீவரை ஒருதரம் இழுத்து மூடினால் ஒரு சுடுதலுக்கான காற்று தயார். சிலிண்டர் கிடையாது, பம்ப் கிடையாது, தேதி கிடையாது. சீல் ஒன்று தேய்ந்தால் மாற்றினால் போதும். எனக்கு ஒரு இஷ் 60,000-க்கு வந்தது. தனியாகப் பழகுகிற பெரியவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் லீவர். பெண்களுக்கான போட்டி முன்பு 40 சுடுதலாக இருந்தது. 2018 முதல் ஆண்களைப் போலவே 60. 75 நிமிஷம். அதற்கு முன் சரிபார்க்கும் சுடுதல்கள் வேறு. மொத்தம் எழுபது எண்பது தடவை அந்த லீவரை இழுக்க வேண்டும். மகளுக்கு மெலிந்த கை. கிளப்பில் ஒருவருடைய இஷ்-ஐ வாங்கி ஒரு முழு மேட்ச் சுடவிட்டுப் பார்த்தேன். முதல் 30 நன்றாகப் போனது. கடைசி 20-இல் கை நடுங்கியது கண்ணுக்கே தெரிந்தது. பதினெட்டு வயதுப் பையன் என்றால் இந்தக் கணக்கு மாறியிருக்கும்.

மிச்சம் இருந்தது பி.சி.பி. பேரலுக்குக் கீழே குழாய் மாதிரி ஒரு சிறு சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று. லோட் பண்ணுவதற்கு ஒரு விரல் போதும், உதையும் இல்லை என்றே சொல்லலாம். ஒருதரம் நிரப்பினால் எங்களுக்கு 150 சுடுதல் தாராளமாக வருகிறது. வால்டர், ஸ்டெயர், மோரினி, பார்டினி என்று போட்டிகளில் பார்க்கிற பிஸ்டல் எல்லாம் இந்த இனம்தான். புதியது ஒன்றுக்கு, நான் விசாரித்தபோது, 2 லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். பணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதிதே வாங்குங்கள். என்னிடம் இல்லை.

ஆகவே பழைய பி.சி.பி. ஸ்டெயர் எல்பி10, மெக்கானிக்கல் ட்ரிகர், 95,000 ரூபாய். விற்றவர் நல்ல மனுஷர்; சுடுவதை விட்டு அஞ்சாறு வருஷம் ஆகிவிட்டது. "பீரோவிலேயே இருந்துச்சு அண்ணாச்சி, வெளிய எடுக்கவே இல்ல" என்றார். பேரல் கண்ணாடி மாதிரி இருந்தது. ட்ரிகரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம், தாங்கியது. பெட்டி, சாவிகள், பில் எல்லாம் சரி. சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கோச் பிஸ்டலைத் தொடக்கூட இல்லை. சிலிண்டரைக் கழற்றித் திருப்பினார். "சார், தேதி பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வீட்டு காஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். அது மறுசோதனைக்கான காலாண்டு. அதைப் பார்த்து வாங்குகிற நான் இதைப் பார்க்கவில்லை. இந்தச் சிறு சிலிண்டர்களிலும் தயாரித்த தேதி பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் கொடுக்கும் ஆயுள் அதிலிருந்து 10 ஆண்டு. சுட்டாலும் சுடாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பீரோவில் இருந்ததற்குத் தள்ளுபடி கிடையாது. எங்களுடையதில் மிச்சம் நாலே மாதம். தேதி தாண்டாத சிலிண்டரோடு வருவது சுடுபவரின் பொறுப்பு என்பது சர்வதேச விதி. சோதனை மேஜையில் பார்த்தால் அன்றைக்குச் சுட முடியாது.

"நாலு மாசம் கழிச்சு என்ன, வெடிச்சிருமா?" என்று என் மனைவி கேட்டாள். மறுநாளே வெடிக்காது. ஆனால் கார் டயரில் 30 பிஎஸ்ஐ என்பது சுமார் 2 பார். இது அதைப்போல் நூறு மடங்கு, அதுவும் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டிய கையில். நான் வாதாடவில்லை.

புதுச் சிலிண்டர் 21,000 ரூபாய். வர மூன்று மாதம் ஆனது. ஒரு கம்பெனியின் சிலிண்டர் இன்னொன்றில் மரை பொருந்தும் என்று நம்பி மலிவானதை வாங்கிவிடாதீர்கள். உங்கள் மாடலின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். விலை பேசும்போதே நான் தேதியைப் பார்த்திருந்தால், அந்தப் பிஸ்டலை 75,000-க்குக் கேட்டிருப்பேன், அவரும் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். பட்ஜெட்டை மீறிய தொகை ஏறக்குறைய இந்தச் சிலிண்டரின் விலை. இப்போது யாராவது பழைய பி.சி.பி.யின் போட்டோ அனுப்பினால், பிஸ்டலுக்கு முன்னால் சிலிண்டரில் பொறித்த எழுத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். இரண்டு சிலிண்டர் தருகிறேன் என்பார்கள். இரண்டுமே முடிந்தவையாக இருந்தால் அது பழைய அலுமினியத்தின் விலைக்குத்தான்.

அடுத்த கேள்வி, காற்றை எங்கே நிரப்புவது. டைவிங் சிலிண்டர் ஒன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்து இறக்குவது சுகம். ஆனால் அந்தப் பெரிய சிலிண்டரை நிரப்பப் பக்கத்தில் வழி வேண்டும், அதற்கும் சோதனைத் தேதி உண்டு. கிளப்பில் ஒன்று இருக்கிறது. அது காலியாக இருக்கும் நாட்கள்தான் அதிகம். டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் எங்கள் அத்தான், "மாப்ளே, நம்மகிட்ட ஆக்சிஜன் சிலிண்டர் நிக்குல்லா, அதுலேர்ந்து ஒரு பிடி பிடிச்சிருவோம்" என்றார். பாசமாகத்தான் சொன்னார். செய்யவே கூடாத காரியம் அது. சீலிலும் வால்விலும் துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால், அழுத்தமான ஆக்சிஜன் பட்டதும் பற்றி வெடிக்கும். அதேபோல லேத்தில் அடாப்டர் கடைந்து தருகிறேன் என்றவரையும் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

கடைசியில் ஹேண்ட் பம்ப், 14,000. சைக்கிள் பம்ப் மாதிரிதான் நிற்கும், ஆனால் கடைசி 50 பாருக்கு உடம்பு முழுவதையும் அதன் மேல் போட வேண்டும். பாதிக் காலிச் சிலிண்டரை நிரப்ப நூறு அடிக்கு மேல் ஆகிறது. ஐம்பது அடிக்கு ஒருதரம் நிறுத்தி, ஈரத்தை வெளியேற்றி, பம்ப் சூடு ஆறவிட வேண்டும். ஐப்பசி மழையில் அந்த ஈரம் கண்ணுக்கே தெரியும். துடைக்காமல் விட்டால் அது சிலிண்டருக்குள் போய் வால்வைத் தின்னும். சித்திரையில் வேறு தொல்லை. 25 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரிக்குச் சூடானால் 220-ஐத் தாண்டும். வெளியூர்ப் போட்டிக்கு 170-க்கு நிரப்பி, துணியில் சுற்றி, எங்கள் கால்மாட்டிலேயே வைத்துக்கொண்டு போகிறோம்.

கசிவு பார்க்க எளிய வழி, ராத்திரி மீட்டர் முள்ளைப் பார்த்து எழுதிவைத்து, காலையில் அதே வெக்கையில் மறுபடி பார்ப்பது. எங்களுக்கு ஒருதரம் 15 பார் இறங்கியது. காற்றை அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங்தான். கைக்குக் கிடைத்த சாதா ரிங்கைப் போட்டு ஒரு வாரத்தில் திரும்பக் கசிந்தது. கம்பெனி சொன்ன அளவும் கடினமும் உள்ள ரிங் போட்ட பிறகு நின்றது.

மற்ற சாமான்களில் காசு மிச்சம் பிடிக்கலாம். கிரிப் நடுத்தர அளவு, மகளுக்குப் பெரிது. சின்ன கிரிப் இறக்குமதிக்குப் பதிலாக, மரப் புட்டியும் உப்புத்தாளும் 600 ரூபாய்க்கு வாங்கி, அவளே ஒரு மாதம் தேய்த்து, அடைத்து, மறுபடி தேய்த்துச் சரிசெய்துகொண்டாள். பெல்லட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஐந்து டப்பா 5,500 ஆனது. 4.49, 4.50 மில்லிமீட்டர் இரண்டையும் சுட்டுப்பார்த்து, உங்கள் பேரலுக்குப் பிடித்ததை மொத்தமாக எடுங்கள். டார்கெட் பெட்டியும் காகிதங்களும் 2,500. தட்டையான கான்வாஸ் ஷூ 800. ஷூட்டிங் ஷூ இன்னும் வாங்கவில்லை, வாங்கினால் ஸ்கோர் ஏறுமா என்பதைப் பிறகுதான் சொல்ல வேண்டும். முன்பக்கத் தார்சாவிலிருந்து அடுப்பங்கரைச் சுவர் வரை எங்கள் வீட்டில் சரியாகப் பத்தரை மீட்டர். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை யாரும் காப்பி கேட்கக்கூடாது, அடுப்பங்கரைப் பக்கம் தலைகாட்டவும் கூடாது.

எலக்ட்ரானிக் ட்ரிகர் உள்ள மோரினி ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கிப் பார்த்தோம். மெல்லிய ட்ரிகர், காற்று இல்லாமலேயே பழகுவதும் சுலபம். ஆனால் இரண்டு நாளை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல் என்றால் பேட்டரி கவலை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் பக்கம் சாய்ந்துகொள்கிறேன்.

திரும்ப விற்பதையும் யோசித்தேன். எங்கள் கிளப்பில் கைமாறியதைப் பார்த்தவரை, ஸ்பிரிங் பிஸ்டலுக்குப் பாதி விலை வந்தாலே அதிகம். இறக்குமதி பி.சி.பி. தேதி உள்ள சிலிண்டரோடு இருந்தால் வாங்கிய விலையை ஒட்டியே போகிறது. எங்கள் புதுச் சிலிண்டரின் ஆயுள் 2033-இல் முடியும். அதற்குள் மகள் காலேஜ் முடித்திருப்பாள். விற்பதாக இருந்தால் 2030-க்குள் விற்க வேண்டும் என்று டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். அவளோ அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறாள். பம்ப் அடிப்பது மட்டும் இன்றைக்கும் என் வேலைதான்.