எறும்புத் தடுப்புப் பசைப் பட்டை: கொய்யாவுக்குக் கட்டலாம், முந்திரிக்கு வேண்டாம்

மரத்தின் தூரில் சுற்றும் பசைப் பட்டைச் சுருள் இப்போது டெல்டா உரக்கடைகளிலும் ஆன்லைனிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பட்டை, வெளிப்பக்கம் காயாத பசை, சில ரகங்களில் உள்பக்கம் மெல்லிய பஞ்சு. எறும்பும் போகும், மாவுப்பூச்சியும் போகும் என்கிற தோரணையில்தான் உறைகள் பேசுகின்றன. எந்த எறும்பு, எந்த மரம் என்பதை மட்டும் சொல்வதில்லை. காசு வீணாவதும் பலிப்பதும் அதைப் பொறுத்துத்தான்.

கொல்லையில் நிற்கும் கொய்யா, சீத்தா, எலுமிச்சை, செம்பருத்தி இவற்றுக்கு இது நல்ல பொருள். இந்த மரங்களில் வரிசை பிடித்து ஏறுகிற சின்னக் கறுப்பு, பழுப்பு எறும்புகள் பெரும்பாலும் மாவுப்பூச்சியைத் தேடித்தான் போகின்றன. மாவுப்பூச்சி குடிக்கும் சாற்றில் சர்க்கரை அதிகம், புரதச் சத்து குறைவு. தேவையான புரதத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையை இனிப்புத் திரவமாகக் கழிக்கிறது. எறும்புக்கு அதுதான் தீனி. கைம்மாறாக, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும், அதன் உடம்பில் முட்டை வைக்க வரும் சிறு குளவியையும் எறும்பு விரட்டுகிறது. சில எறும்பு வகைகள் மாவுப்பூச்சிக் குஞ்சுகளைத் தூக்கிப் புதுத் துளிரில் விடுவதும் உண்டு. எறும்பு குடித்தது போக இலையில் சொட்டியதில் கரும்பூசணம் படர்கிறது.

பட்டை இந்தக் கூட்டணியை அறுக்கிறது, அவ்வளவுதான். ஒரு மாவுப்பூச்சியைக்கூட அது கொல்லாது. கட்டி ஒரு வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று அவிழ்த்துவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எறும்பு விலகியபின் வண்டும் குளவியும் வந்து பெருகச் சில வாரம் ஆகும். அவற்றின் பலத்தைச் சந்தேகிப்பவர்கள் பப்பாளியை நினைத்துக்கொள்ளலாம்: 2008-இல் கோவையில் தென்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விட்ட அசிரோஃபேகஸ் என்ற சிறு குளவியால்தான் அடங்கியது. காத்திருக்க முடியாதென்றால், பட்டை கட்டிய பிறகு தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கலந்து தெளிக்கலாம். கிரிப்டோலேமஸ் பொறிவண்டு விடுவதானால் பட்டைக்குப் பிறகுதான், மரத்துக்கு 10 என்ற கணக்கில். எறும்பு ஏறும் மரத்தில் விட்டால் வண்டுக் காசு தண்டம். பூச்சிமருந்து அடித்த மரத்திலும் அதே கதைதான்.

இனி முசுறு. மா, முந்திரியில் இலைகளைச் சேர்த்துத் தைத்துப் பந்து பந்தாகக் கூடு கட்டுமே, அந்தச் செவ்வெறும்பு. வேலைக்காரிகள் ஒருத்தி இடுப்பை ஒருத்தி கவ்விச் சங்கிலியாக நின்று இரண்டு இலை ஓரங்களை இழுத்துப் பிடிக்க, இன்னொருத்தி எறும்புக் குஞ்சான புழுவை வாயில் கவ்விக்கொண்டு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் தறி நாடா மாதிரி ஓட்டுவாள். நூல் புழுவின் வாயிலிருந்து வருகிறது. இந்த எறும்பு இருக்கிற முந்திரியில் துளிரைக் கருக்கும் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியின் சேதம் குறையும். மாவில் பழ ஈ முட்டை வைக்கத் தயங்கும். சீனத்து ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே இதன் கூட்டைக் காசு கொடுத்து வாங்கினார்கள். பிற்காலத்தில் மரத்துக்கு மரம் மூங்கில் போட்டு எறும்புக்குப் பாலமும் அமைத்தார்கள். நாம் காசு கொடுத்துத் தடுப்பு வாங்குகிறோம்.

முசுறும் முழு யோக்கியமில்லை. அதுவும் செதில்பூச்சி, மாவுப்பூச்சியை மேய்க்கும். கடியோ, கடித்த இடத்தில் பீய்ச்சும் ஃபார்மிக் அமில எரிச்சலோடு சேர்த்து, மாங்காய் பறிக்கிறவரைக் கீழே இறக்கிவிடும். ஆகவே கரும்பூசணம் காய்வரை இறங்கியிருந்தால் அந்த ஒரு மரத்தில் மட்டும் அதைக் குறைக்க வேண்டியதுதான். அதற்கும் பட்டை உதவாது. கூடு மேலே இருக்கிறது, ஒரே குடும்பம் பல மரங்களில் பரந்திருக்கிறது, தரைக்கு வராமலே காலம் தள்ளும். பட்டையின் மேல் ஓரத்தில் பின்வயிற்றைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நிற்குமே தவிர, போகாது. கவாத்து செய்து கூட்டுக் கிளையை வெட்டி இறக்குவதுதான் வழி.

பூவரசுக்குக் கட்டவே வேண்டாம். இலையின் அடிப்பக்கம், காம்பு சேரும் இடத்தருகே நரம்பின் மேல் ஒரு சின்னச் சுரப்பி இருக்கும். எறும்பு அதில் தேன் குடிக்கத்தான் ஏறுகிறது. நாட்டு வாதுமைக்கும் இலையடியில் அப்படி உண்டு. பூச்சியை விரட்ட மரம் தானே கொடுக்கும் கூலி அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஹம்போல்டியா மரம் தண்டுக்குள்ளேயே எறும்புக்கு அறை ஒதுக்குகிறது. நம் வாய்க்கால் கரை மரங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

கட்டும் முறைக்கு வருவோம். தை பிறந்து மழை ஓய்ந்ததும் கட்டுங்கள், மாவுப்பூச்சி ஏறும் வெயில் காலத்துக்கு அது போதும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் உரிந்த மரத்தோல் செதில்களைச் சாக்குத்துணியால் தேய்த்து எடுங்கள். கொய்யாவில் வேலை சுலபம். முசுறு இல்லாத மாவில் கட்டுவதானால், அதன் தோல் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். பிசைந்த களிமண்ணை வெடிப்பில் அப்பிச் சமப்படுத்திவிட்டுத்தான் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு பசையைத் தொடாமல் அடியிலேயே புகுந்து போகும். புகார்களில் பாதி இதுதான். மீதிப் பாதி, சுவரையோ துணிக்கொடியையோ பக்கத்து மரத்தையோ தொடும் ஒரு கிளை. அதை வெட்டாமல் பட்டை கட்டிப் பயனில்லை.

இரண்டாவது எதிரி தூசி. சம்பா அறுவடையும் தை, மாசியில்தான். அறுப்பு மிஷின் ஓடும் வயலையொட்டிய மரத்தில் பசை மேல் உமித்தூசி படிந்து, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். எறும்புகளே மண் துணுக்கு கொண்டுவந்து போட்டும், ஒட்டிச் செத்தவற்றின் மேல் நடந்தும் பாதை போடும். வாரம் ஒருமுறை பாருங்கள். குச்சியால் பசையைக் கிளறிவிட்டால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மாற்றத்தான் வேண்டும். ஓணான், பல்லி ஒட்டினால் பிய்க்காமல் தேங்காய் எண்ணெய் தடவி விடுவியுங்கள்.

டப்பாவில் வரும் பசையை நேராக மரத்தோலில் தடவக் கூடாது. வெயிலில் இளகி உள்ளே இறங்கினால் இளம் மரத்தின் தோல் வெந்து செத்துவிடும். தென்னையில் எந்த ரகமும் வேண்டாம்: மட்டைகள் ஒன்றையொன்று தொடுவதால் தடுப்பு நிற்காது, மரம் ஏறுகிறவர் கையும் காலும் பசையாகி உங்களைத்தான் திட்டுவார்.

பத்து மரத்துக்கு மேல் இருந்தால் சுருள் கட்டுபடியாகாது. 400 கேஜ் பாலித்தீன் ஷீட்டை 25 செ.மீ. அகலத்தில் வெட்டிச் சுற்றி, மேலும் கீழும் சணலால் கட்டி, கீழ் ஓரத்தில் ஷீட்டின் மேல் மட்டும் கிரீஸ் தடவினால் செலவு வெகு குறைவு. தூசியில் கிரீஸ் இன்னும் சீக்கிரம் கெடும் என்பது மட்டும் குறை. நாலைந்து மரம் உள்ள வீட்டுக்கு உள்பஞ்சு வைத்த சுருளே மேல். வெடிப்பை அது ஓரளவு அடைக்கிறது. மதிப்பெண் 5-க்கு மூன்றரை கொடுக்கலாம், உறைப் பேச்சுக்கு அரை கழித்து.

ஐப்பசி மழைக்கு முன் கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள். அப்படியே விட்டால் அடியில் ஈரம் தங்கித் தோல் அழுகும், அந்த ஈரத்தில் எறும்பே குடியேறும்.