தெருவில் சாக்கடை மூடி இருக்கிறதே என்று டிரைனேஜ் இணைப்புக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்து முடித்து, இணைப்பு மட்டும் இன்னும் கொடுக்காமல் இருக்கும் தெருக்களைக் குறிவைத்து ஒரு மோசடி நடக்கிறது. "மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் வாங்கித் தருகிறோம்" என்று பணத்தை வாங்கிக்கொண்டு, வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். தென்சென்னையில் இருக்கும் எங்கள் அத்தை வீட்டில் நடந்தது இதுதான். போனது 78,000 ரூபாய். அதன் பிறகு ஆன செலவு தனிக்கணக்கு.

அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. மாடியில் அவர் இருக்கிறார், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். அந்த ஆள் ஊருக்குப் புதியவன் இல்லை. ஏரியாவில் பல வருடமாகப் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுப்பவன். மின்கம்பம் மின்கம்பமாக அவன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அத்தையை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவான்.

அவன் சொன்ன எதுவும் முழுப்பொய் இல்லை, அதுதான் இதில் ஆபத்தான விஷயம். "தெருவுல மூடி எல்லாம் போட்டாச்சு பாருங்க டீச்சரம்மா" என்றான். உண்மை, நடுத்தெருவில் வட்டமான இரும்பு மூடிகள் வரிசையாக இருந்தன. "நீங்க வருஷா வருஷம் டிரைனேஜ் வரி கட்டறீங்கல்ல, அப்ப கனெக்‌ஷன் உங்க உரிமை" என்றான். அதுவும் பாதி உண்மை. குடிநீர், கழிவுநீர் வரி அரையாண்டுக்கு ஒருமுறை வந்துவிடும், இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். "கனெக்‌ஷன் வந்துட்டா செப்டிக் டேங்க்கை மூடிடணும், அதுதான் ரூல்" என்றான். இதுவும் பொதுவாகச் சரிதான். ஆனால் இணைப்பு வந்த பிறகு மூட வேண்டியது அது. வருவதற்கு முன்னால் மூடுகிறவன் யார் என்பதற்குக் கீழே வருகிறேன்.

வட்ட மூடி இருப்பதாலேயே கீழே ஓடுகிற சாக்கடை இருக்கிறது என்று ஆகிவிடாது. குழாய் பதிப்பதும் ஆள்நுழைவுத் தொட்டி (மேன்ஹோல்) கட்டுவதும் முதல் பாதி வேலை. அந்தக் கழிவுநீரை இழுத்துத் தள்ள உந்து நிலையம் ஓட வேண்டும். அங்கிருந்து பெருங்குடியோ நெசப்பாக்கமோ கோயம்பேடோ கொடுங்கையூரோ, உங்கள் பகுதி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்ந்ததோ அதுவரை பெரிய குழாய் போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் முடிந்து லைன் செயல்பாட்டுக்கு வந்த பிறகுதான் குடிநீர் வாரியம் (மெட்ரோ வாட்டர்) வீட்டு இணைப்பு கொடுக்கும். சில புறநகர்த் தெருக்களில் மூடி போட்டு, மேலே தார் போட்டு, அந்தத் தார் பெயர்ந்தும் போயிருக்கும். உள்ளே குழாய் காய்ந்து கிடக்கும். நடுவில் யாராவது திருட்டுத்தனமாக அதில் வீட்டுக் குழாயைச் சொருகிவிட்டால், போக வழியில்லாத கழிவுநீர் பள்ளமான வீட்டு வாசலில் பொங்கும். நம் ஆள் அந்தக் குழாயில்கூடக் கொடுக்கவில்லை.

வேலை ராத்திரியில் நடந்தது. "பகல்ல டிராஃபிக், போலீஸ் விடமாட்டாங்க" என்று காரணம். சாலை வெட்ட அனுமதி வாங்கியாச்சு என்று ஒரு தாளைத் தூரத்திலிருந்து ஆட்டிக் காட்டினான். தோண்டிய பள்ளம் முழங்கால் ஆழம்தான். பள்ளம் போன திசையும் நடுத்தெருவில் இருந்த வட்ட மூடியை நோக்கி இல்லை. சாலையோரத்தில் ஓடும் கான்கிரீட் பெட்டி வடிகாலை நோக்கி. அதன் பக்கச்சுவரை டிரில் வைத்து உடைத்து, நாலு இன்ச் பிவிசி குழாயை நுழைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டான். எதிர்வீட்டு அண்ணன் தம் கேமராப் பதிவில் இருந்ததை எடுத்துக் கொடுத்ததால்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். விடியற்காலையில் அத்தை பார்த்தபோது காம்பவுண்டுக்குள் புத்தம்புது சேம்பர், அதற்கு பளபளவென்று ஒரு மூடி. அருமையான வேலை என்று பக்கத்து வீட்டுக்காரரும் இவனிடம் முன்பணம் கொடுத்துவிட்டார்.

அடுத்து, பழைய செப்டிக் டேங்க்கில் கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டி நிரப்பினான். இதற்கு மட்டும் தனியாக ஏழாயிரம்.

ரசீதைப் பற்றி இரண்டு வார்த்தை. அச்சடித்த புத்தகத்திலிருந்து கிழித்த தாள். மேலே முத்திரை மாதிரி ஒன்று, நீல மசியில் சீல், கீழே கிறுக்கல் கையெழுத்து. வரி அட்டை எண் இருக்க வேண்டிய இடத்தில் வீட்டுக் கதவு எண். "வைப்புத்தொகை, சாலை வெட்டு, இதரம்" என்று மூன்றே வரி. விண்ணப்ப எண் என்று ஒன்றுமே கிடையாது. பின்னால் நான் வாரியத்தின் பணிமனைக்கு (ஏரியா டிப்போ அலுவலகம்) போய்க் காட்டியபோது, அங்கிருந்தவர் திருப்பிக்கூடப் பார்க்காமல் "இது எங்களது இல்லை" என்று சொல்லிவிட்டார். அத்தை பெயரில் விண்ணப்பமே பதிவாகவில்லை. தெருவில் லைன் இன்னும் ஒப்படைக்கப்படவே இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

குட்டு வெளிப்பட்டது மழைக்காலத்துக்கு முன்பு, வடிகால் தூர்வார வந்தவர்களால். ஸ்லாபைத் தூக்கியதும் நாற்றம். மழையே பெய்யாத மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்கத் தேவையில்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, அத்தை வீட்டுக் குழாயையும் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார்கள். வீட்டு உரிமையாளர் பெயரில் நோட்டீஸும் வந்தது. அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. கழிவுநீரை இப்படி விடக்கூடாது என்பதுதான் சட்டம். எங்கள் பக்கத்து வடிகால் தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் போகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் அது. அங்கே போவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாத கக்கூஸ் தண்ணீர். ஆனால் நோட்டீஸில் பிளம்பர் பெயர் வராது, உங்கள் பெயர்தான் வரும். இதை மறந்துவிடாதீர்கள்.

அன்றைக்கு ராத்திரியே கீழ்வீட்டுக் கழிவறையில் தண்ணீர் மேலேறிவிட்டது. கைக்குழந்தை இருக்கும் வீடு. குழாய் அடைபட்டுவிட்டது, பழைய டேங்க்கில் மண். இரண்டு குடும்பத்துக் கழிவுநீர் போக இடமே இல்லை.

அந்த ஆளைப் போனில் பிடித்தோம். பதற்றமே இல்லை அவனுக்கு.

"டீச்சரம்மா, டென்ஷன் ஆகாதீங்க. கார்ப்பரேஷன்காரங்க அப்படித்தான் அடைப்பாங்க, நாம திறந்துக்கலாம். ராத்திரி பையனை அனுப்பறேன்."

"திரும்பவும் அதே வடிகால்லயா தம்பி?"

"வேணாம்னா விடுங்க. பழைய டேங்க்லேயே ஆளை இறக்கி மண்ணை அள்ளிக் குடுத்துடறேன். மூவாயிரம் குடுங்க போதும்."

அத்தை அதோடு போனை வைத்துவிட்டார். வைத்தது நல்லது. உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய மனிதரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத பிரிவு. இப்படிச் செத்துப்போகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. முன்பு அது 10 லட்சமாக இருந்தது. சட்டம் கிடக்கட்டும், மண் நிரப்பிய டேங்க் என்றாலும் உள்ளே விஷவாயு இருக்கலாம். மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பையன் உயிரைப் பணயம் வைக்கிற ஆள் இவன்.

கடைசியில் கார் நிற்கும் இடத்தில் குழி எடுத்து ஒரு ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் புதைத்தோம். அது நிரம்ப நிரம்ப லாரி வைத்துத்தான் எடுக்கிறோம். லாரிக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் நம்பரைக் கூப்பிடாதீர்கள். 14420 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். சென்னையில் கழிவுநீர் லாரி ஓட்ட வாரியத்திடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2023 தொடக்கத்திலிருந்து விதி இருக்கிறது. உரிமக் கட்டணம் இரண்டு வருடத்துக்கு 2,000 ரூபாய்தான். கண்ட இடத்தில் கொட்டி மாட்டினால் முதல் தடவை 25,000, இரண்டாம் தடவை 50,000 அபராதம். 2,000 ரூபாய் கட்ட யோசிக்கிறவன் லோடை எங்கே போய்க் கொட்டுவான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஹோஸை இறக்குவதற்கு முன்னால் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அனுப்பிவிடுங்கள்.

இணைப்பு என்று யாராவது கதவைத் தட்டினால் முதலில் உங்கள் பகுதிப் பணிமனைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் தெரு லைன் செயல்பாட்டுக்கு வந்துவிட்டதா? வாயால் சொன்ன பதிலில் திருப்தி இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் குறைகேட்கும் கூட்டம் நடக்கிறது, அங்கேயும் கேட்கலாம். பாதாளச் சாக்கடைக்குக் குடிநீர் வாரியம், மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சி. முதலாவதற்கு 1916, இரண்டாவதற்கு 1913. நம் ஆள் பிழைத்ததே இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வாரியத்தின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினான், மாநகராட்சியின் வடிகாலை உடைத்தான், இரண்டு இடத்திலும் அவன் பெயரில் ஒரு காகிதம் கிடையாது.

பணத்தை ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். வைப்புத்தொகையை நீங்களே வாரியத்துக்குக் கட்டினால் ரசீது உங்கள் பெயரிலேயே வரும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். குழாய் நடுத்தெரு வட்ட மூடித் தொட்டிக்குப் போகிறதா, ஓரத்துப் பெட்டி வடிகாலுக்குப் போகிறதா என்று பார்க்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. சாக்கடைக் குழாய் பெரும்பாலும் ஆளுயரத்துக்கும் கீழே கிடக்கும். முழங்கால் பள்ளத்தில் வேலை முடிகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று, பெருமழையில் வடிகால் நிரம்பும்போது அதில் சேர்த்த குழாய் வழியாகவே சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வரும். எங்கள் வீட்டில் மழைக்கு முன்பே அடைத்துவிட்டதால் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் பார்த்தார்கள், குளியலறைத் தரைச் சல்லடை வழியாக. முக்கியமாக, புதிய இணைப்பில் தண்ணீர் ஓடுவதை வாரியத்து ஆள் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை பழைய செப்டிக் டேங்க்கில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். டேங்க் இருந்திருந்தால் எங்களுக்குப் பணத்தோடு போயிருக்கும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கியிருக்கிறோம். கேமராப் பதிவு, போலி ரசீது, பணம் அனுப்பிய ஜிபே விவரம் எல்லாம் இணைத்திருக்கிறோம். 78,000-ல் 40,000 மட்டுமே ஜிபேயில் போனது. மீதி ரொக்கம், அதை நிரூபிக்கத்தான் அல்லாடுகிறோம். அவன் இப்போது, "டெபாசிட் வாரியத்துல இருக்கு, கனெக்‌ஷன் வரும்போது அட்ஜஸ்ட் ஆயிடும்" என்று கதை சொல்கிறான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை.

எங்கள் தெருவிலேயே இதுவரை மூன்று வீட்டில் அதே ரசீதுப் புத்தகத்துத் தாள் இருப்பது தெரியவந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் முன்பணத்தை இன்னும் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீல சீல், மூன்று வரி, விண்ணப்ப எண் இல்லாத ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாமல் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். சேர்ந்து புகார் கொடுத்தால் வழக்குப் பதிவு செய்வது சுலபம் என்று நிலையத்திலேயே சொல்கிறார்கள்.