டீசல் பிக்கப்புக்கு நெட்டுக்குத்தா சைலென்சர்: புதூர் பட்டறை வேலை எப்படி

மதுரை நத்தம் ரோட்டுல எங்களுக்கு மாந்தோப்பு, கல்லாமையும் செந்தூரமும் தான் நெறைய. மருந்தடிக்க, தண்ணி ட்ரம் ஏத்த, காய் இறக்குன கூடைய கொட்டகைக்கு கொண்டாரன்னு ஒரு பழைய பொலேரோ பிக்கப் தோப்புக்குள்ளயே கிடக்கு. அதுக்கு கே.புதூர் சிட்கோ பக்கம் இருக்க ஒரு சைலென்சர் பட்டறையில சொல்லி, புகை கேபினுக்கு மேல போற மாதிரி நெட்டுக்குத்தா சைலென்சர் மாட்டியிருக்கோம். ஐப்பசி மழையும் பாத்தாச்சு, பூ நேரத்து மருந்தடிப்பும் பாத்தாச்சு, அதனால தைரியமா சொல்றேன், வேலை சுத்தம். பட்டறைக்கு போர்டு கிடையாது, அதான் பேரு போடல.

எதுக்கு மாட்டினோம்னு சொல்லிடுறேன், ஏன்னா எல்லாரும் பந்தாவுக்குன்னு நெனைக்கிறாங்க. பூ எடுக்குற தை, மாசி மாசத்துல தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கணும், ட்ரம்மும் மருந்தத் தள்ளி விடுற எச்டிபி பம்பும் வண்டி தொட்டியில (பின்னாடி சாமான் ஏத்துற எடம்) இருக்கும், வண்டி முதல் கியர்ல ஊந்துகிட்டே போகும், ஓஸ புடிச்சுகிட்டு ஆளுங்க பின்னாடியே நடப்பாங்க. கம்பெனி சைலென்சர் வாய் எங்க இருக்கு, பின்னாடி. காலையில இருந்து மதியம் வரைக்கும் அந்தப் புகை பூராம் நடக்குறவங்க மூஞ்சில தான். மருந்துக்கு மாஸ்க் வாங்கிக் குடுக்குறோம், கண்ணாடி குடுக்குறோம், டீசல் புகைய மட்டும் யாரும் கணக்குல எடுக்குறதில்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012லயே டீசல் புகைய முதல் பிரிவுல வச்சிருச்சு, அதாவது மனுசனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள் லிஸ்ட்ல. நம்மகிட்ட வேலைக்கு வர்ற ஆளுங்க அதை சுவாசிச்சுகிட்டு நடக்குறது எனக்கு மனசு ஒப்பல. அதோட பங்குனி, சித்திரையில மரத்தடி பூராம் காஞ்ச சருகு, சூடான பைப்பு தரையோட தரையா சருகுல ஒரசிகிட்டு நிக்குறதும் ஆபத்து.

ரெண்டு மூணு எடத்துல விசாரிச்சேன், எல்லாரும் மொதல்ல கேட்டது எத்தனை இன்ச் வேணும், ஒத்தையா ரெட்டையா, சவுண்டு வேணுமான்னு தான். இந்த மாஸ்டர் மட்டும் தான் வேற கேள்வி கேட்டாப்ல. "பின்னாடி எத்தனை பேருண்ணே நடப்பாக, எந்தப் பக்கம் ஓஸ் வரும், மரத்துல தாழ்ந்த கிளை எம்புட்டு ஒசரத்துல இருக்கு?" அந்த இடத்துலயே இவருகிட்ட தான் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

வண்டிய ரோட்டுல எடுக்க முடியாது, ஆர்சி சரண்டர் பண்ணி ரத்து பண்ணியாச்சு, தோப்புக்குள்ள மட்டும் தான் ஓடுது. அதனால மாஸ்டரே பையன கூட்டிகிட்டு வந்து அளவு எடுத்தாப்ல. கம்பிய வளைச்சு வளைச்சு சேஸிஸ்ல (வண்டியோட அடிச்சட்டம்) வச்சுப் பாத்து, டீசல் டேங்க் எந்தப் பக்கம், டீசல் லைன், பிரேக் லைன் எங்கிட்டு போகுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு, டேங்க் இல்லாத பக்கமா பைப்ப கொண்டுபோயி கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவுல ஏத்துறதுன்னு முடிவாச்சு. எடைவெளி பத்தாததால தொட்டியோட முன் மூலையில கொஞ்சம் வெட்ட வேண்டி வந்துச்சு, வெட்டுன ஓரத்துல பட்டை வச்சு மடிச்சு பெயின்ட் அடிச்சுக் குடுத்தாப்ல, இல்லன்னா அங்க இருந்து தான் துரு ஆரம்பிக்கும்.

வேலைய பத்தி கொஞ்சம் விவரமா எழுதணும், ஏன்னா சும்மா பைப்ப மேல தூக்கி வெல்டு வைக்கிறதோட முடியுற சமாச்சாரம் இல்ல இது. இன்ஜின் ரப்பர் மவுன்ட்ல உக்காந்து ஆடிகிட்டே இருக்கும், பைப்பு சேஸிஸ்ல அசையாம நிக்கும், ரெண்டையும் நேரா இணைச்சா கொஞ்ச நாள்ல வெல்டு விட்டுரும் இல்ல டர்போ (இன்ஜினுக்கு காத்த அழுத்தித் தள்ளுற பாகம்) பக்கத்து பிளேஞ்ச், அதாவது போல்டு போட்டு இணைக்கிற வளையம், கீறிடும். அதுக்கு நடுவுல பெல்லோஸ் போட்டாப்ல, வலை சுத்துன மடிப்பு பைப்பு. பைப்பு எஸ்எஸ் 304, அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல், ரெண்டரை இன்ச். எஸ்எஸ் சூட்டுல நல்லா நீளும், 2 மீட்டர் பைப்பு 300 டிகிரி கூடுதலா சூடேறுனா 1 சென்டிமீட்டர் நீளும், அத இறுக்கிப் புடிச்சா கிளாம்ப் தான் ஒடையும், அதனால கீழ மட்டும் கெட்டியா புடிச்சு மேல கிளாம்ப்ல நழுவுற மாதிரி விட்டிருக்காப்ல. முக்கியமா பைப்ப கேபின்ல மாட்டவே இல்ல, சேஸிஸ்ல இருந்து தனியா ஒரு ஆங்கிள் தூக்கி அதுல தான் நிக்குது. கேபின்ல மாட்டுனா அதிர்வு அப்படியே உள்ள வரும், தகரமும் கிழியும்.

வளைவு எல்லாம் மேண்ட்ரல் பென்டு, அதாவது பைப்புக்குள்ள அச்சு விட்டு வளைக்கிறது, வளைச்ச எடத்துல பைப்பு நசுங்கல. லோக்கல்ல மணல் அடிச்சு சூடு காட்டி வளைக்கிறதும் உண்டு, நசுங்குனா டர்போவுக்குப் பின்னாடி அழுத்தம் ஏறி வண்டி மூச்சு முட்டும். மேல பாத்து விட்டா பவர் கூடும்னு சிலர் சொல்றாங்க, அதெல்லாம் இல்ல, புகை எந்தத் திசையில போனா இன்ஜினுக்கு என்ன, பைப்பு அகலமும் வளைவும் தான் கணக்கு. சத்தத்த அடக்குற மஃப்ளர எடுக்கவே கூடாதுன்னு மாஸ்டர் கறாரா சொன்னாப்ல, புது மஃப்ளர் ஒண்ணு கீழயே படுக்க வச்சு மாட்டினாப்ல. மேல வாயில டிராக்டர்ல இருக்குமே அந்த மாதிரி தட்டு மூடி, கீழ எல்போல, அதாவது பைப்பு மேல திரும்புற வளைவுல, 4 எம்எம் ஓட்டை. அந்த ஓட்டை சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா மூடியையும் மீறி எறங்குற மழைத்தண்ணியும் பைப்புக்குள்ள வேர்க்குற தண்ணியும் அது வழியா தான் வெளிய போகணும், இல்லன்னா பைப்புலயே தேங்கி டர்போ பக்கம் திரும்பும். மழை நாள்ல வண்டி வெளிய தான் நின்னுச்சு, காலையில ஸ்டார்ட் பண்ணுனா ஓட்டையில ரெண்டு சொட்டு வரும், அவ்வளவு தான். ஆள் கை படுற ஒசரம் வரைக்கும் ஓட்டை போட்ட தகடு சுத்தி ஹீட் ஷீல்டு, தொட்டியில கயிறு கட்டுறவங்களுக்கு கை சுடாது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப புடிச்சுது. எஸ்எஸ் வெல்டு எல்லாம் டிக் வெல்டிங், பட்டறையிலயே முடிச்சுட்டாங்க, தோப்புல பிளேஞ்சுக்கு போல்டு முடுக்குறது தான் பெரும்பாலும். சேஸிஸ் ஆங்கிளுக்கு மட்டும் ஜென்செட் கொண்டாந்து வெல்டு வச்சாங்க, அதுக்கும் முன்னாடி பேட்டரி நெகட்டிவ்வ கழட்டிட்டு, சுத்தி சருகு கூட்டிட்டு, ஈரச்சாக்கு விரிச்சு, மணல் வாளி பக்கத்துல வச்சுட்டு தான் ஆரம்பிச்சாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல, அவங்களா பண்ணினாங்க. நாளைக்கு கிளட்ச் வேலை வந்தாலும் போல்ட கழட்டுனா பைப்பு தனியா வந்துரும்.

கொறை இல்லாம இல்ல. புகை வாய் கேபினுக்கு மேல அரை அடி தான், அதனால உள்ள சத்தம் முன்ன விட கூடுதல், டிரைவர் தம்பி ரொம்ப நேரம் ஓட்டுனா காது அடைக்குதுன்னு சொல்றாப்ல, இப்ப இயர்பிளக் வாங்கிக் குடுத்திருக்கேன். ஐடிலிங்ல மூடி டக்குடக்குன்னு அடிக்கும். தாழ்ந்த கிளைக்கு அடியில வண்டிய ஓட விட்டு நிறுத்தக்கூடாது, சூட்டுல இலையும் பூவும் கருகிடும், அதனால வரிசைக்கு நடுவுல நிறுத்தி தான் மருந்து கலக்குறோம். சொன்ன தேதிக்கு வேலை முடியல, பெல்லோஸ் வெளியூர்ல இருந்து வரணும்னு ஒரு வாரம் இழுத்துட்டாங்க, போன் பண்ணுனா எடுத்து பொறுமையா பதில் சொன்னாங்கங்கிறதால பெருசா எடுத்துக்கல. மொத்தம் 18,500 ஆச்சு, எஸ்எஸ் வேணாம் எம்எஸ் (சாதா இரும்பு) போதும்னா கொறையும், ஆனா மருந்து தெறிக்குற வண்டிக்கு எம்எஸ் தாங்காது, எஸ்எஸ்ஸே போடுங்க.

ரோட்டுல ஓடுற வண்டிக்கு இதைக் கேட்டுகிட்டு போகாதீங்க, மாஸ்டரே செய்ய மாட்டாப்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி அமைப்புக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி அப்படி மாத்துன ஒவ்வொண்ணுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டுமோ. சத்தம், புகை அளவு மீறுனா 190வது பிரிவு தனி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 (புகை அளவு விதி) வண்டின்னா இன்னும் மோசம், சைலென்சர் லைன்லயே புகை சுத்தம் பண்ற பாகமும் சென்சாரும் இருக்கும், அதுல பிளேடு வச்சா புகையும் கெடும் இன்ஜின் லைட்டும் எரியும்.

வீடியோவுல பாக்குற அமெரிக்கா பிக்கப், ஃபோர்டு, ராம் வண்டியில தொட்டி நடுவுல ஓட்டை போட்டு 5 இன்ச், 8 இன்ச்னு குழாய் நட்டு கரும்புகை கக்குறாங்க பாருங்க, எங்க அக்கா பையன் அத காட்டி தான் மாமா இது மாதிரி போடுங்கன்னான். அந்த ஊருலயும் புகை வடிகட்டிய கழட்டுறது சுத்தமான காற்றுச் சட்டப்படி குத்தம் தான். பீட்டர்பில்ட், கென்வொர்த் மாதிரி பெரிய லாரில கம்பெனியே மேல பாத்து குழாய் வைக்கிறது பக்கத்துல போறவங்க மூஞ்சில புகை அடிக்காம மேல தள்ளி விடுறதுக்கு, நம்ம டிராக்டர்லயும் அதே காரணம் தான். அந்தக் காரணத்துக்காக மாட்டுறவங்களுக்கு இந்தப் பட்டறைய கண்ண மூடிகிட்டு சொல்லுவேன்.

போறவங்க வண்டி மாடல், வருசம், கேபின் ஒசரம், தோப்புல தாழ்ந்த கிளை ஒசரம் எல்லாம் குறிச்சுகிட்டு போங்க, வண்டி அடிப்பக்கத்த நாலு போட்டோ எடுத்துக்கோங்க. காலையில பத்து மணிக்கு முன்னாடி போனா மாஸ்டர் நின்னு பேசுவாப்ல, அதுக்கப்புறம் வெல்டிங்ல உக்காந்துட்டா ஆள புடிக்க முடியாது.