நாலு மானிட்டர், மூன்று வருஷம், ஒரே ஒரு எரிச்சல்

போன வாரம், பங்கு டிரேடிங்குக்கு நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி) மாற்றினேன். பழையதன் ஃபேன் ஒரு மாதமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேர வேலைதான். ஆனால் கேபினெட்டை வெளியே இழுக்கும் அவசரத்தில், எந்த மானிட்டர் கேபிள் எந்த போர்ட்டில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. ஆன் செய்தால் இடது மானிட்டர் வலதாகிவிட்டது, மேலே இருந்த வாட்ச்லிஸ்ட் (நான் கவனிக்கும் பங்குகளின் பட்டியல்) கீழே கிடக்கிறது. அந்தக் கடுப்பில் உட்கார்ந்திருக்கும்போது நண்பன் கேட்கிறான்: "டிரேடிங்குக்கு உன்னுது மாதிரியே ஒண்ணு அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன். எப்படிப் போகுது?"

நியாயமாகவே பதில் சொல்ல முயல்கிறேன்.

12 கோர் ப்ராசஸர், 32 ஜிபி ராம், என்விஎம்இ டிரைவ், நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட் உள்ள ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு. மூன்று வருஷத்தில் சந்தை நேரத்தில் ஒரு தடவைகூடத் தொங்கியதில்லை. பத்துப் பதினைந்து சார்ட்டும் முப்பது பிரவுசர் டேபும் திறந்து கிடந்தாலும் மூச்சு வாங்காது. சத்தமும் இல்லை. கரகரத்த அந்த ஒரு மாதம்தான் ஃபேன் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது.

ஆனால் 12 கோர் தேவையா என்றால், இல்லை. சார்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ஒன்றிரண்டு கோர் உழைக்கும், மற்றவை வேடிக்கை பார்க்கும். பேக்டெஸ்ட் (ஒரு டிரேடிங் உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது) போடும் அன்றைக்கு மட்டும்தான் எல்லாம் எழுந்து வரும். ஆர்டர் வேகத்துக்கும் ப்ராசஸருக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை. ஆர்டர் இங்கிருந்து புரோக்கர் சர்வருக்குப் போய், அங்கே மார்ஜின் (ஆர்டருக்குத் தேவையான பணம் கணக்கில் இருக்கிறதா என்று) சரிபார்த்து, அப்புறம்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. நேரமெல்லாம் அந்த வழியில்தான் போகிறது. வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறியபோது கிடைத்த நிம்மதியை எந்த ப்ராசஸரும் தந்ததில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். மானிட்டர் தூங்கி எழுந்தால் திரையில் திறந்து வைத்த ஜன்னல்கள் (விண்டோக்கள்) இடம் மாறிவிடும். மூன்று வருஷமாக இதே கதை. டிஸ்ப்ளேபோர்ட்டில் மானிட்டர் இருக்கிறதா என்று சொல்ல ஒரு தனி பின் உண்டு. பல மானிட்டர்கள் ஆழ்ந்து தூங்கும்போதோ அணைக்கும்போதோ அந்த சிக்னலையும் கீழே போட்டுவிடும். உடனே கம்ப்யூட்டர், "அடடா, மானிட்டரைப் பிடுங்கிவிட்டார்கள்" என்று முடிவுகட்டி, எல்லா ஜன்னலையும் மிச்சமிருக்கும் மானிட்டருக்கு அள்ளிக்கொண்டு போகும். எழும்போது நாலும் நாலு வேகத்தில் எழும். முந்தி எழுந்ததன் மேல் எல்லாம் குவிந்திருக்கும்.

ஒருநாள் பத்து நிமிஷம் எழுந்து போய்விட்டு வந்தேன். ஆர்டர் விண்டோ எப்போதும் இருக்கும் மூலையில் வேறொரு பங்கின் ஆர்டர் விண்டோ. கை பழக்கத்தில் அளவை அடித்து எண்டரும் தட்டிவிட்டது. நஷ்டம் சின்னதுதான். நான் கத்திய கத்தல்தான் பெரிது.

பார்க்காத வைத்தியம் இல்லை. மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப்பை அணைத்தேன், தானாக இன்புட் தேடுவதை நிறுத்தினேன். ஜன்னல் இடங்களை நினைவில் வைக்கும் செட்டிங்கையும் போட்டேன். பிரவுசர் கேட்கிறது, டிரேடிங் டெர்மினலின் (ஆர்டர் போடும் மென்பொருளின்) மிதக்கும் ஜன்னல்கள் கேட்பதில்லை. இரண்டு மானிட்டர்களுக்கு மட்டும், கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவே, இடிஐடி எமுலேட்டர் என்று ஆளுக்கொரு குட்டித் துண்டைச் செருகினேன். மானிட்டர் அணைந்தாலும் அது இருப்பதாகவே கம்ப்யூட்டரிடம் சாதித்துவிடும். அந்த இரண்டும் இப்போது ஒழுங்கு. மற்ற இரண்டும் பழைய குணத்தில்தான் இருக்கின்றன. கடைசியில் சந்தை நேரத்தில் ஸ்கிரீன் அணையவே கூடாது என்று வைத்துவிட்டேன். இதற்குப் பேர் தீர்வா?

யுபிஎஸ் வாங்கும்போதும் இதே பாடம்: சிக்கல் கம்ப்யூட்டரில் இல்லை, மானிட்டரில்தான். முதலில் கேபினெட்டையும் ரவுட்டரையும் மட்டும் அதில் மாட்டினேன். மின்சாரம் போனது, கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது, நாலு மானிட்டரும் இருண்டன. எதைப் பார்த்துப் பொசிஷனை (முடிக்காமல் கையில் இருக்கும் டிரேடை) மூடுவது? இப்போது ஒரு மானிட்டராவது யுபிஎஸ்ஸில் இருக்கிறது.

நண்பனிடம் சொன்னேன்: "அசெம்பிள் பண்ணாதே. சுமாரான லேப்டாப் ஒன்று, 43 இன்ச் 4கே மானிட்டர் ஒன்று. நாலு ஃபுல் ஹெச்டி மானிட்டரில் எவ்வளவு பிக்ஸலோ அவ்வளவும் அதில் இருக்கு. நடுவில் மானிட்டர் விளிம்பு கிடையாது, ஒரே கேபிள், ஜன்னல் ஓடிப்போக வேறு இடமும் கிடையாது."

"அப்போ நீயும் அதுக்கே மாறப்போறியா? உன் மானிட்டர்ல ரெண்டை எனக்குக் கொடுத்துடேன்."

பேச்சை மாற்றிவிட்டேன். மீதி இரண்டுக்கும் எமுலேட்டர் ஆர்டர் போட்டாயிற்று. இந்த முறை கேபிள்களில் 1, 2, 3, 4 என்று எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன்.