ஒரு வரி மாறும் நாள்: ரிக்வயர்மென்ட் டூல்களோடு 14 வருடம்

கார் கண்ணாடி ஒரே தட்டில் தானாக மேலே ஏறுகிறது. நடுவில் ஒரு குழந்தையின் விரல் மாட்டிக்கொண்டால், நசுக்கும் விசை 100 நியூட்டனைத் தாண்டுவதற்குள் கண்ணாடி திரும்பிக் கீழே இறங்க வேண்டும். ஐரோப்பா பின்பற்றும் ஐ.நா. விதி 21-லும் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 118-லும் இந்த 100 நியூட்டன் இருக்கிறது. என் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் போயிருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து, கார் கதவுக்குள் இருக்கும் கன்ட்ரோலருக்கு ரிக்வயர்மென்ட், அதாவது அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் வரிகளை எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் மேலே கஸ்டமரின் வரியோடும் கீழே அதைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸோடும் இணைத்து வைக்கிறேன்.

இந்த வரிகளை வைத்துப் பராமரிக்க, இந்த 14 வருடத்தில் எக்செல், பழைய டோர்ஸ், டோர்ஸ் நெக்ஸ்ட், போலாரியன், கோட்பீமர், கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டோடு சேர்ந்து ஓடும் டோர்ஸ்டாப் என்று பலவற்றில் புழங்கிவிட்டேன். புதிதாகச் சேருபவர்களும் சரி, டூல் வாங்கப் போகும் மேனேஜர்களும் சரி, கேட்பது ஒரே கேள்விதான்: எது நல்லது? டெமோவில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். டெமோவில் ரிக்வயர்மென்டை எழுதிக் காட்டுவார்கள். எழுதுவது எங்கேயும் சுலபம். இரண்டு வருடம் கழித்து, மூவாயிரம் வரி சேர்ந்த பிறகு, கஸ்டமர் அதில் ஒன்றை மாற்றுவார். டூலின் குணம் அன்றைக்குத்தான் தெரியும். நான் எல்லா டூலையும் அந்த நாளை வைத்தே எடை போடுகிறேன்.

முதல் இரண்டு வருடம் எக்செல். ஐம்பது, அறுபது வரி இருக்கும் சின்ன வேலைக்கு இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் தெரியும், லைசென்ஸ் தேடி அலைய வேண்டாம். ஆனால் அதில் ஒரு வரிக்கும் அதன் எண்ணுக்கும் நிரந்தர உறவு எதுவும் கிடையாது. எங்கள் அணியில் ஒருவர் ஐடி இருந்த வரிசையைச் சேர்க்காமல் மீதியை மட்டும் சார்ட் செய்து சேமித்துவிட்டார். எண் ஒரு பக்கம், வாசகம் ஒரு பக்கம். நாலு நாள் கழித்து டெஸ்ட் குழு, "இந்த எண்ணில் இருப்பது வைப்பர் பற்றி அல்லவா?" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. பழைய மெயிலைத் தோண்டி எடுத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுச் சரி செய்ய ஒரு வாரம் ஆனது.

அதனாலேயே பழைய டோர்ஸுக்குள் போனபோது எனக்கு முதலில் பிடித்தது அதன் எண்தான். ஒரு வரியை எழுதினால் டூலே எண் கொடுக்கும். அந்த வரியை அழித்தாலும் அந்த மாட்யூலில், அதாவது அந்த வரிகளின் தொகுப்பில், அந்த எண் இன்னொரு வரிக்குப் போகாது. 1990களில் பிரிட்டனில் பிறந்து, 2000-இல் டெலிலாஜிக் நிறுவனத்தின் கைக்கும் 2008-இல் ஐபிஎம் கைக்கும் போன டூல் இது. திரை பழைய காலத்துத் திரைதான். ஆனால் உள்ளே இருக்கும் யோசனை உறுதியானது: வரிக்கு வரி வரலாறு, ஒரு நாளின் நிலையை அப்படியே உறையவைக்கும் பேஸ்லைன், இரண்டு மாட்யூலுக்கு நடுவே லிங்க். மேலே இருக்கும் வரி மாறினால் கீழே இணைத்திருக்கும் வரியில் 'சஸ்பெக்ட்' குறி விழும். "உன் தாய் வரி மாறிவிட்டது, ஒருமுறை பார்" என்று அர்த்தம்.

அப்புறம் டிஎக்ஸ்எல். சி மொழி மாதிரி இருக்கும் அதன் ஸ்கிரிப்ட் மொழி. நாற்பது வரி டிஎக்ஸ்எல் எழுதி, எந்த ரிக்வயர்மென்டுக்கு டெஸ்ட் லிங்க் இல்லை என்று ஒரு வியூவில் கொண்டுவந்த அன்று எனக்குக் கிடைத்த திருப்தியை இப்போதும் நினைத்துக்கொள்வேன். வலியும் அதே இடத்தில்தான். எங்களுக்கு சர்வர் ஐரோப்பாவில். லேஅவுட் டிஎக்ஸ்எல் போட்ட ஒரு வியூவைத் திறந்தால், ஒவ்வொரு வரிக்கும் அந்த ஸ்கிரிப்ட் ஓடி, லிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாட்யூலுக்குப் போய் வரும். விபிஎன் வழியாக அது ஊர்ந்தது. கடைசியில் இரவில் ஒருமுறை கணக்கிட்டு, அட்ரிப்யூட் என்ற, வரியோடு ஒட்டியிருக்கும் தகவல் கட்டத்தில் எழுதி வைக்கும்படி மாற்றினோம். காலையில் வந்து திறந்தால் நேற்றைய நிலவரம் தயாராக இருக்கும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது அந்த 100 நியூட்டனுக்கு வருகிறேன். ஐரோப்பாவுக்காகச் செய்த கன்ட்ரோலரை அமெரிக்காவுக்கும் அனுப்பலாம் என்று கஸ்டமர் சொன்னார். இரண்டு விதியிலும் 100 நியூட்டன்தானே, வரி மாறவில்லையே என்று நாங்களும் தைரியமாக இருந்தோம். டூலில் ஒரு சஸ்பெக்ட் குறிகூட விழவில்லை.

மாறியிருந்தது வேறொன்று. விசையை அளக்க ஒரு உருளைக் கம்பியை ஜன்னலில் நீட்டி வைப்பார்கள். ஐரோப்பிய விதியில் அந்தக் கம்பியின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன். அமெரிக்க விதியில் 25 மி.மீ. வரை விட்டமுள்ள கம்பிக்குக் குறைந்தது 65 நியூட்டன், அதைவிடப் பெரியதற்கு 20. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 நியூட்டன் கம்பி 100 நியூட்டனைத் தொட 10 மி.மீ. அமுங்க வேண்டும். 65 நியூட்டன் கம்பி ஒன்றரை மி.மீ. அமுங்கினாலே தொட்டுவிடும். கண்ணாடி நொடிக்கு 10 செ.மீ. ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், முன்பு நமக்கு இருந்தது 100 மில்லி செகண்ட், இப்போது 15. அதற்குள் மோட்டாரின் சுழற்சியைக் கவனிக்கும் ஹால் சென்சாரின் துடிப்பு தளர்வதைக் கவனித்து, இது குளிரில் விறைத்த ரப்பரின் உராய்வா, விரலா என்று முடிவெடுத்து, மோட்டாரைத் திருப்ப வேண்டும். பழைய சாஃப்ட்வேர் அதற்காக எழுதப்பட்டதல்ல.

கம்பியின் விறைப்பு எங்கே இருந்தது என்கிறீர்கள்? டெஸ்ட் குழுவின் எக்செல் ஒன்றில், 'பெஞ்ச் செட்டப்' என்ற தாளில். ரிக்வயர்மென்டாக அது எங்கேயும் எழுதப்படவில்லை, அதனால் லிங்கும் இல்லை. அளவிடும் பெஞ்சில் வண்டி தோற்ற பிறகுதான் கண்டுபிடித்தோம். டூல் மேல் தப்பில்லை. நாங்கள் அதனிடம் சொல்லாததை அது எப்படிக் காட்டும்? அன்றிலிருந்து எந்த எண்ணை எழுதினாலும், அதை எதை வைத்து அளக்கிறோம் என்பதைத் தனி வரியாக எழுதி, இரண்டையும் லிங்க் செய்கிறேன். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இந்த அனுபவத்தோடு டோர்ஸ் நெக்ஸ்டுக்குப் போனதால் அதன் ஸ்ட்ரீம் வசதி எனக்கு உடனே புரிந்தது. பெயரில் டோர்ஸ் இருந்தாலும் இது முற்றிலும் வேறு டூல். பிரவுசரில் ஓடும். புரோகிராமர்கள் கோடுக்குக் கிளை பிரிப்பது போல, ரிக்வயர்மென்டுக்கே ஐரோப்பா ஒரு ஸ்ட்ரீம், அமெரிக்கா ஒரு ஸ்ட்ரீம் என்று பிரிக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எது மாறியது, முக்கியமாக எது மாறாமலே நிற்கிறது என்று தெரியும். பல மாடல், பல நாடு என்று வேலை செய்பவர்களுக்கு இதற்காகவே இதைச் சொல்வேன்.

ஆனால் பழக நாளாகும். ஒரே ஆர்டிஃபாக்டை (இங்கே வரிக்கு அந்தப் பெயர்) பல மாட்யூலில் வைக்கலாம் என்பதால், லிங்கை மாட்யூலுக்குள் இருந்து போடுகிறோமா, அடிப்படை ஆர்டிஃபாக்டில் போடுகிறோமா என்பது வேறு வேறு விஷயம். எங்களில் பாதிப் பேர் ஒரு மாதிரி, பாதிப் பேர் இன்னொரு மாதிரி போட்டுவிட்டோம். வியூவில் பாதி லிங்க் காணவில்லை. முதல் நாளே இதற்கு ஒரு விதி எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

போலாரியனில் நான் இருந்தது நாலு வருடம், அதிக நிம்மதியோடு இருந்ததும் அங்கேதான். 2016 முதல் சீமென்ஸ் கையில் இருக்கும் டூல். வேர்டு கோப்பு மாதிரி ஒரு டாக்குமென்ட் விரியும். அதில் ஒவ்வொரு பத்தியும் தனி ஐடி, தனி நிலை உள்ள ஒரு வொர்க் ஐட்டம். மெக்கானிக்கல் ஆட்களுக்கு இதில் பயிற்சியே தேவைப்படவில்லை, திறந்தார்கள், எழுதினார்கள். அடியில் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் எஸ்விஎன் ஓடுவதால் எந்தப் பழைய தேதிக்கும் திரும்பிப் போய் அன்று டாக்குமென்ட் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். டெஸ்ட் கேஸ், டெஸ்ட் ரன், ரிசல்ட் எல்லாம் அதே இடத்தில். கம்பியின் விறைப்பு இங்கே ஒரு முறையான வரியாக, 100 நியூட்டனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது.

கார் சாஃப்ட்வேரை உருவாக்கும் முறையை மதிப்பிடும் ஏஸ்பைஸ் அசெஸ்மென்ட் வந்தபோது அசெஸர் ஏதோ ஒரு வரியைத் தொட்டு, "இதிலிருந்து ரிசல்ட் வரை போங்கள், பிறகு திரும்பி வாருங்கள்" என்றார். நாலு க்ளிக்கில் போய், திரும்பியும் வந்தோம். இதே கேள்விக்கு எக்செல் காலத்தில் எங்கள் லீட் அரை நாள் கேட்டு வாங்கியது எனக்கு நினைவுக்கு வந்தது.

கஸ்டமரும் நாமும் வேறு வேறு டூலில் இருப்பதுதான் வழக்கம். அதற்கு ரெக்ஐஎஃப் என்ற பொதுக் கோப்பு வடிவம் இருக்கிறது. ஜெர்மன் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் ஆரம்பித்ததை, ஓஎம்ஜி என்ற தரநிலை அமைப்பு 2011-இல் தரமாக வெளியிட்டது. அவர்கள் வரியை அனுப்புவார்கள். நாம் ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல், மறுப்பு, விளக்கம் தேவை என்று நிலை போட்டுத் திருப்பி அனுப்புவோம். ஐடியும் வாசகமும் ஒழுங்காக வரும். அட்டவணை, படம், எழுத்தின் அலங்காரம் ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கஸ்டமர், நீக்கிய வரியை அழிக்க மாட்டார். வாசகத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டு விடுவார். நாங்கள் இறக்கிய முறையில் அந்தக் கோடு தொலைந்து, வாசகம் மட்டும் வந்தது. இறந்துபோன ஒரு வரி உயிரோடு எங்கள் மாட்யூலில் வந்து நின்றது. நாங்கள் அதற்கு டிசைன் செய்து, டெஸ்ட்டும் எழுதினோம். மூன்று வாரம் கழித்து ஒரு ரிவ்யூவில் அவர்கள் ஆச்சரியத்தோடு கேட்டார்கள், இதை ஏன் செய்கிறீர்கள் என்று. உழைத்த பையனின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இப்போது முதல் பரிமாற்றத்துக்கு முன்னால் பத்து வரி மாதிரிக் கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்குகிறோம்: ஒரு அட்டவணை, ஒரு படம், ஒரு குறுக்குக்கோடு, ஒரு நீக்கிய வரி கட்டாயம் அதில் இருக்க வேண்டும். நீக்கியதற்கு ஒரு நிலை அட்ரிப்யூட் வைக்கச் சொல்லியும் கேட்கிறோம்.

எங்கள் டெஸ்ட் பெஞ்சுக்கான சாஃப்ட்வேரை ஆறு பேர் எழுதினோம். அதற்கு டோர்ஸ்டாப் என்ற ஓப்பன் சோர்ஸ் டூல். ஒரு ரிக்வயர்மென்ட் என்றால் யாமல் என்ற எளிய எழுத்து வடிவில் ஒரு கோப்பு. கோடோடு சேர்ந்து கிட்டில் இருக்கும். தாய் வரியின் கைரேகை மாதிரி ஒரு ஹேஷை லிங்கிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். தாய் வரி மாறினால் ஹேஷ் ஒத்துப்போகாது, உடனே எச்சரிக்கை வரும். பெரிய டூல்கள் செய்வதன் சாரத்தை இவ்வளவு எளிமையாகச் செய்ததில் எனக்கு மிகவும் மரியாதை. அத்தனை பேரும் கோடு எழுதுபவர்கள் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரோ கஸ்டமரோ உள்ளே வர வேண்டும் என்றால் சரிப்படாது.

வேலைகளை டிக்கெட்டாகப் பதிந்து வைக்கும் ஜிரா போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. டிக்கெட் என்பது வேலை, முடிந்தால் மூடிவிடலாம். ரிக்வயர்மென்டை மூட முடியாது. அந்தக் கார் ரோட்டில் ஓடும்வரை அது உண்மையாக இருக்க வேண்டும். வேலையை ஜிராவில் வையுங்கள், வரியை அதற்கான இடத்தில் வையுங்கள்.

கோட்பீமருக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. 2022-இல் பிடிசி நிறுவனம் வாங்கிய டூல். ரிக்வயர்மென்ட், ரிஸ்க், டெஸ்ட் எல்லாவற்றையும் டிராக்கர் என்ற தனித்தனிப் பட்டியல்களாக வைக்கிறது, இதுவரை திருப்திதான். ஜாமா கனெக்ட் என்ற இன்னொரு டூலை சோதனைக்கு ஒரு மாதம் மட்டும் பார்த்தேன். பலரை உட்காரவைத்து ஒப்புதல் வாங்கும் அதன் ரிவ்யூ பகுதி எனக்குப் பிடித்தது. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

இந்தியாவிலிருந்து பகிர்ந்த லைசென்ஸில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது நேரம். குளிர்காலத்தில் ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் இங்கே மதியம் ஒன்றரை. அவர்கள் உள்ளே வந்ததும் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் தீர்ந்துவிடும். லிங்க் போடும் வேலை முழுவதையும் நாங்கள் காலையிலேயே முடித்துவிடுவோம். எத்தனை லைசென்ஸ் என்று பேசும்போது எத்தனை பேர் என்று மட்டும் பார்க்காமல், எந்த மணிக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

டூல் மாற்றும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. புது டூல் புது எண் கொடுக்கும். பழைய எண்ணை 'பழைய ஐடி' என்று ஓர் அட்ரிப்யூட்டில் கூடவே எடுத்துப் போக வேண்டும். மூன்று டூல் மாறினால் மூன்று எண்கள். இடத்தை அடைக்கிறது என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்வார்கள், நானும் ஒவ்வொரு முறையும் பிடிவாதமாக நிற்பேன்.

போன மழைக்காலத்தில் கஸ்டமரின் தர விசாரணைக் குழுவிடமிருந்து ஒரு மெயில். எட்டு வருடத்துக்கு முன் தயாரான வண்டி, பின்கதவுக் கண்ணாடி பாதியில் திரும்பி இறங்குகிறதாம். எழுதியிருந்தது பழைய டோர்ஸ் எண் மட்டும்தான். அந்த சர்வரை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. அந்த எண்ணை இப்போதைய டூலின் தேடும் கட்டத்தில் போட்டேன். 100 நியூட்டன் வரி வந்தது, அதற்குக் கீழே அன்றைய பெஞ்ச் ரிசல்ட் வரை எல்லாம் வந்தன. மதிய சாப்பாட்டுக்கு முன்னால் பதில் அனுப்பிவிட்டேன்.