சோளத்துக்குப் பின் காய்கறி: தட்டையை மடக்கி உழுவதா, மூடாக்காகப் போடுவதா?

சோளத்தின் வேர்த்தூவிகள் சார்கோலியோன் என்ற எண்ணெய்ப் பொருளைக் கசிகின்றன. சிறுவிதைக் களைகளை ஒடுக்கும் அந்தப் பொருள் கீரை, கேரட் முளைகளையும் விடாது. அது வேரோடு மண்ணில் தங்குவதால், தட்டையை வெளியேற்றினாலும் முழுதாகத் தப்ப முடியாது.

மடக்கி உழுதால், தட்டை மட்கும்போது வெளிவரும், முளைப்பைத் தடுக்கும் பீனாலிக் அமிலங்கள் விதை விழும் ஆழத்திலேயே கலக்கின்றன. கூடவே இன்னொரு சிக்கல்: தட்டையில் கரிமம் மிகுதி என்பதால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடியிலைகள் முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. தொழுவுரமோ யூரியாவோ ஈடுகட்டும். முளைப்பு குறைந்து, வேர்நுனி பழுப்பாகிக் குட்டையாக நின்றால் வேதிப்பொருளைச் சந்தேகிக்கலாம். அதற்கு உரம் மருந்தல்ல. உழுத பின் 3 முதல் 4 வாரம் ஈரம் காத்துக் காத்திருங்கள். காய்ந்த மண்ணில் தட்டை மட்காது, காத்திருந்தும் வீண்.

மூடாக்கில் அமிலங்கள் நீரோடு மெல்ல இறங்கி மேல்மண்ணிலேயே பெரிதும் நிற்கும். களைவிதை முளைப்பதும் அங்கேதான். தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றின் வேர் அதற்குக் கீழே இருக்கும். ஆகவே நாற்று நடுவோருக்கு இதுவே மேல். 5 முதல் 7 செ.மீ. கனம் போதும், தண்டைச் சுற்றிச் சிறிது இடம் விடுங்கள். கரையான் தொல்லையுள்ள வறண்ட நிலத்தில் வேண்டாம். நேரடி விதைப்புக்கும் ஒத்துவராது.

விதைக்குமுன் சோளம் நின்ற மண்ணை ஒரு தொட்டியிலும் நிற்காத மண்ணை இன்னொன்றிலும் நிரப்பி, 20 முள்ளங்கி விதை வீதம் போட்டு ஒரு வாரம் முளைப்பை ஒப்பிடுங்கள்.